தெற்குப் பார்த்த மூன்று கற்கள்

யோசனை எனக்கு வந்தது நெற்களஞ்சியத்துக்குள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கோட்டையைச் சுற்றிக் காட்டுவது செஞ்சிக்காரர்களின் தலையெழுத்து. வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கும் பெண் வீட்டில் இருந்தால், அந்தத் தலையெழுத்து முழுவதும் அவள் தலையில்தான். அன்று அனந்தபுரத்துச் சித்தி தன் நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். நான் வழக்கமான பாட்டைப் பாடினேன். எதிரி வருஷக்கணக்கில் முற்றுகை போட்டாலும் உள்ளே ஒருத்தரும் பட்டினி கிடக்கக் கூடாது என்று எப்படி யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள், சுவரின் தடிமனைப் பாருங்கள், எலி நுழையுமா, ஈரம் ஏறுமா என்று கைகளை விரித்துச் சொல்லிக்கொண்டே போனேன்.

சித்தி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சரி, உள்ள இருந்தவங்க சாப்ட்டாங்க. வெளிய இருந்தவங்க இன்னா பண்ணாங்க?"

"எதிரிப் படையா சித்தி?"

"அவனுங்க கெடக்கறானுங்க. ஊர் ஜனங்களக் கேக்கறேன். இது யாரு நெல்லு? ராஜாவா எறங்கி நாத்து நட்டாரு?"

சித்திக்கு எந்த ராஜா, எந்த நவாப், யாருக்குப் பிறகு யார் என்பதெல்லாம் தெரியாது. ஆனால் அறுத்த நெல்லைத் தார் ரோட்டில் காயப்போட்டு, மழை வந்துவிடுமோ என்று ராப்பகலாகக் காவல் கிடந்த அனுபவம் இருக்கிறது. எனக்கு அந்த அனுபவம் இல்லை. எம்.ஏ. இருக்கிறது.

எங்கள் ஊரில் ராஜாவுக்குக் கதை இருக்கிறது, கூத்து இருக்கிறது. ராஜாவின் சிநேகிதருக்குச் சமாதி இருக்கிறது. ராஜாவின் குதிரைக்குக்கூட ஓர் இடம் இருக்கிறது என்று காட்டுவார்கள். படைகள் மாறி மாறி வந்து மேய்ந்துவிட்டுப் போன இந்தச் சீமையில், கத்தியும் தூக்காமல் கொடியும் பிடிக்காமல் சும்மா வயலில் நின்றிருந்த குற்றத்துக்காகச் செத்தவர்களுக்கு மட்டும் ஒரு செங்கல்கூடக் கிடையாது. குதிரையாகப் பிறந்திருக்கலாம்.

கோட்டை வாசலுக்கு இறங்கி வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். அவர்களுக்கு நான் ஒரு நினைவுச்சின்னம் வைப்பேன். நாத்தனார் குடும்பம் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது போனில் தேடினேன். உலகத்தில் பல ஊர்களில் இப்படிச் செத்த பொதுமக்களுக்குக் கல் வைத்திருக்கிறார்கள். முகம் கிடையாது, பெயர் கிடையாது, குதிரை கிடையாது. வெறும் கல். பார்க்கிறவர் மனதில் என்ன தோன்றுகிறதோ அதுதான் பொருளாம். அரூபக் கலை. எனக்கு மயிர் கூச்செறிந்தது. பெயர் தெரியாத ஜனங்களுக்கு முகம் இல்லாத கல்லைவிடப் பொருத்தமாக வேறென்ன இருக்க முடியும்? பார்க்கிறவர் மனதில் என்ன தோன்றும் என்று நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நைனாவுக்கு பஜாரில் ஜெராக்ஸ் கடை. மனுவும் டைப் அடித்துக் கொடுப்பார். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, தெருவிளக்கு, எதற்கும் அவரிடம் ஒரு மாதிரி உண்டு. அவர் மெஷினை நிறுத்தாமலே நான் சொன்னதைக் கேட்டார்.

"குரூப் டூவுக்குப் படிக்கறியா இல்லியா?"

"படிக்கறேன் நைனா. இதுவும் வரலாறுதான்."

"இது கேள்வித்தாள்ல வருமா?"

கோட்டைப் பக்கம் எதையும் நட முடியாது. அங்கே ஆணி அடித்தாலே கேள்வி வரும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆனால் திருவண்ணாமலை ரோட்டில் நைனாவுக்கு வீடு கட்ட வாங்கிப் போட்ட மனை ஒன்று இருந்தது. வாங்கிப் போட்டதில் போட்டது மட்டும்தான் நடந்தது. அங்கே வேலிக்காத்தான்தான் வீடு கட்டியிருந்தது. அதைக் கேட்டேன். "கல்லுதானே, வெச்சிக்கோ, அப்பவாவது எவனும் குப்பை கொட்டாம இருப்பான்" என்றார். என் லட்சியத்துக்குக் கிடைத்த முதல் ஆதரவு அது.

இரண்டாவது ஆதரவு பக்கத்துக் கடையிலிருந்து வந்தது. அங்கே தையல் மெஷின் போட்டிருக்கிற அக்கா இலங்கைக்காரர். சின்ன வயதில் அம்மாவோடு படகில் வந்து, முகாமில் வளர்ந்து, இப்போதும் முகாமில்தான் பதிவு. எங்கள் செஞ்சிப் பேச்சு எல்லாம் அவருக்கு அத்துப்படி. இருந்தாலும் மனதுக்கு நெருக்கமான விஷயம் என்றால் தன் ஊர்ப்பேச்சு வந்துவிடும். ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமல் கேட்டார்.

"சண்டைக்குப் போகாமல் சண்டையில செத்த ஆக்களுக்கோ, பிள்ளை?"

"ஆமாக்கா. சாதாரண ஜனங்களுக்கு."

"எங்கட அப்பாவுக்கும் அதில ஒரு இடம் கிடைக்குமோ?"

அவருடைய அப்பா படகில் வரவில்லை. மாடுகளை விட்டுவிட்டு வர மனம் இல்லை என்று அங்கேயே நின்றுவிட்டார். பல வருஷம் கழித்து, அந்தக் கடைசிப் போரில், பதுங்குகுழியை விட்டு வெளியே வந்து மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் செல் குண்டு விழுந்தது என்று தெரிந்தவர்கள் வழியாகச் செய்தி வந்தது. உடலை ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் அம்மா நம்பவில்லை. கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை, ஒரு சடங்கும் செய்ய விடவில்லை. போன வருஷம் அம்மாவும் போய்விட்டார். உடன்பிறந்தவர் யாரும் இல்லை. "அவரை இன்னும் ஒருத்தரும் அனுப்பேல்லை. வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்கு" என்றார் அக்கா.

நான் பொங்கிவிட்டேன். "அக்கா! இது உங்க அப்பாவுக்கும்தான்! உலகத்துல போர்ல செத்த எல்லாச் சாதாரண மனுஷங்களுக்கும்தான்!"

"உலகம் இருக்கட்டும். அப்பாவுக்கு எந்தப் பக்கம்?"

மூன்று கற்கள் வைப்பதாக வரைந்திருந்தேன். ஒன்று ஆள் உயரம், ஒன்று இடுப்பளவு, ஒன்று முழங்காலளவு. ஏன் மூன்று என்று கேட்டால் அதற்கு ஒரு பக்க விளக்கம் வைத்திருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. அக்கா போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, சின்னதைத் தொட்டார். "இது. அப்பா கட்டை ஆள்."

வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பதில் நான் எப்போதும் வேகம்.

மனைக்கு எதிரே இருக்கும் கல்யாண மண்டபம் எங்கள் வார்டில் செல்வாக்கான ஓர் அண்ணனுடையது. பதவி எதுவும் இல்லை; ஆனால் அவரைக் கேட்காமல் தெருவில் வாழைக்கன்றுகூட நட மாட்டார்கள். சொல்லிவிடுவது மரியாதை என்று நைனா அனுப்பினார். மண்டபத்து ஆபீஸில் ஏ.சி.க்கு நேரே உட்கார்ந்து அவர் என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, மூணு கல்லு இருக்குது. மூஞ்சி எங்க?"

"மூஞ்சி கெடையாதுண்ணே. அரூபம்."

"மூஞ்சி இல்லன்னா மாலை எங்க போடறது?"

"மாலை போட வேணாம்ணே."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாலை போட முடியாத கல்ல எவன் வந்து தெறந்து வெப்பான்? சரி, யாரு நெனவா?"

"அந்தக் காலத்துல முற்றுகையில செத்த ஜனங்க."

"பேரு?"

"தெரியாது."

குரலைத் தாழ்த்தினார். "எந்த ஆளுங்க?"

"நம்ம ஊரு ஆளுங்கதான்."

"அது தெரியுது. எந்த ஆளுங்க?"

"குதிரைங்க வயல மேயறப்ப அதெல்லாம் விசாரிச்சிட்டு மேஞ்சிருக்காதுண்ணே."

சிரிக்கவில்லை. அவர் முட்டாள் இல்லை. "நீ சிரிப்பே. நாளைக்கு ஒரு கும்பல் வந்து செத்தது பூரா எங்காளுங்கன்னு கொடி நடும். அதப் பாத்துட்டு இன்னொரு கும்பல், உங்காளுங்க எங்க செத்தாங்க, எங்காளுங்கதான்டா செத்தாங்கன்னு வரும். உசுரோட இருந்தப்ப ஒரு பய சீண்டியிருக்க மாட்டான், செத்ததுக்கப்பறம் பங்காளிச் சண்டை." கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரிய மனது பண்ணினார். "நான் ஒண்ணு சொல்றேன். ராஜா செலை வெச்சிரு. குதிரை மேல, கத்தியோட. கீழ பீடத்துல உன் ஜனங்களப் பத்தி ரெண்டு வரி போட்டுக்கலாம். செத்தவங்க பேரு தெரியலன்னா இன்னா, தெறந்து வெச்சவங்க பேரு தெரியும்ல?"

ராஜாவை நான் மறுத்துவிட்டேன். நைனாவின் சொந்த மனை என்பதால் அவர் அதற்கு மேல் பேசவில்லை. "மூஞ்சி இல்லாத கல்லு. செய், செய். படிச்ச புள்ள" என்றார். எங்கள் ஊரில் 'படிச்ச புள்ள' என்றால் என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கல் பட்டறை மேஸ்திரி எல்லைக்கல்லும் கடப்பைக்கல் மேடையும் போடுகிறவர். அவரிடம் படத்தைக் காட்டியதும் அவர் காட்டிய அக்கறை என்னை அசத்திவிட்டது. போனைக் காதிலிருந்து எடுத்தார். எழுந்து நின்றார்.

"மூணு போதுமாம்மா? செல பேரு அஞ்சு வெப்பாங்க."

கலையுணர்வு! பட்டறையில் கல் உடைக்கிற ஒருவருக்கு எண்ணிக்கையின் ஒத்திசைவு பற்றி இப்படி ஒரு கேள்வி! "மூணு போதும்ணே" என்றேன், கண் கலங்க.

அந்தக் கண் கலங்கியதைப் பார்த்து அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எந்தப் பக்கம் பாத்து நடணும்?"

"தெக்க. அந்தப் பக்கம்தான் ராஜகிரி மலை நல்லா தெரியும்."

"தெக்கதான், தெக்கதான்" என்று அவசரமாக ஒப்புக்கொண்டார். பிறகு மெதுவாக, "யாரும்மா?"

"எல்லாரும்ணே. குடும்பம் குடும்பமா. ஒருத்தரும் மிஞ்சல."

"அடக் கடவுளே. ஆக்சிடெண்ட்டா?"

"யுத்தம்ணே."

அவருக்கு அது புரியவில்லை. கேட்டு என்னைப் புண்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டார். நான் வாங்கி வரச் சொன்ன டீயையும் குடிக்கவில்லை. என் திட்டத்தின் கனம் அவரைத் தாக்கிவிட்டது என்று அன்று டைரியில் எழுதினேன்.

அந்த மாத அமாவாசைக்கு முந்தின நாள் கற்கள் நட்டாயிற்று. ஒரு பக்கம் மழமழவென்று இழைத்து, மறுபக்கம் உடைத்தது உடைத்தபடி. சாயங்கால வெயிலில் நிழல்கள் மூன்றும் நீண்டு கிடந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. அக்கா வந்து சின்னக் கல்லின் தலையில் ஒரு நந்தியாவட்டையை வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

மறுநாள் அமாவாசை. மேல்மலையனூருக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் காலையிலிருந்தே வந்துகொண்டிருந்தன. கூட்டத்தின் பார்வையில் என் கலை எப்படிப் படுகிறது என்று பார்க்க நானும் போய் நின்றேன். முதல் பஸ் மனைக்கு அருகே வந்ததும் வேகம் குறைந்தது. ஜன்னலோரப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்குப் பதிலாக 'உச்' கொட்டினார்கள். ஒரு பெண் பிள்ளையின் கண்ணை மூடினாள். அடுத்த பஸ்ஸிலும் உச். அதற்கடுத்ததிலும். அரூபக் கலை இவ்வளவு ஒருமித்த விளைவை எங்கேயும் ஏற்படுத்தியதாக நான் படித்ததில்லை.

பத்து மணிக்குச் சித்தி போனில் அலறினார். "யாருடி போயிட்டாங்க? எங்கிட்ட மறைக்கறீங்களே! ஒங்க நைனாவா? அவரு போனும் எடுக்கல!"

"சித்தி, நைனா கடையில ஜெராக்ஸ் போட்டுட்டு இருக்காரு. யாரும் போகல."

"அப்ப எதுக்குடி ஒங்க மனையில கருமாதிக் கல்லு நட்டிருக்குது? மூணு கல்லு! தெக்கப் பாத்து! பஸ்ல வந்தவங்க பூரா சொல்றாங்க!"

கருமாதி அன்று ஏரிக்கரையில் மூன்று கல்லை நட்டு, செத்தவரை அதில் இருத்தி, படையல் போட்டு, எல்லாம் முடிந்ததும் கல்லைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நாலு வயசுப் பையனுக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாது. கல்யாணமாகாத பெண்களை எங்கள் வீட்டில் கருமாதிக்கு ஏரிக்கரை பக்கம் விட மாட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து வடைக்கு உளுந்து அரைப்பது எங்கள் வேலை. நடுகற்களைப் பற்றி முப்பது பக்கக் கட்டுரை எழுதி வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். சொந்த ஊர்க் கருமாதிக் கல்லை ஆள் உயரத்துக்குச் செய்து, திருவண்ணாமலை ரோட்டில் நட்டு, அதற்கு அரூபம் என்று பெயரும் வைத்திருந்தேன்.

மேஸ்திரிக்குப் போன் செய்து கத்தினேன். "ஏண்ணே சொல்லல?"

"நீதானம்மா தெக்கன்னே? அழுதுகினு வேற இருந்தே. அந்த நேரத்துல நான் இன்னான்னு கேக்கறது?"

அடுத்த பத்து நாள் நைனாவுக்கு. கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களைவிடத் துக்கம் கேட்க வருகிறவர்கள் அதிகம். மாலையோடு வந்தவர்கள் உண்டு. ஒரு பங்காளி கோடித்துணியோடு வந்து, யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும், கூப்பிடாமல் வந்துவிட்ட கோபத்தை எங்கள்மேல் காட்டிவிட்டுப் போனார். ரேஷன் கடை வரிசையில் அம்மாவின் கையைப் பிடித்து இரண்டு பேர் அழுதிருக்கிறார்கள். நைனா முதலில் பொறுமையாக விளக்கினார்: "அந்தக் காலத்துல, கோட்டைய வளைச்சப்ப, பட்டினியில செத்தாங்களே ஜனங்க..." கேட்டவர்கள் முகத்தில் குழப்பம் படர்ந்து, பிறகு தெளிந்து, "அதுக்கு இப்பவா கருமாதி?" என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் மடக்கினார்: "சரிதான், யாரு கொள்ளி போட்டது? கர்த்தா யாரு? மொட்டை அடிச்சாச்சா?" அன்று சாயங்காலம் நைனா வழுக்கைக்குத் தப்பிய நாலு முடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இத்தன பேருக்குப் பதில் சொல்றதுக்கு மொட்டையே அடிச்சிக்கலாம் போலிருக்குது."

நாங்கள் பட்ட பாட்டை ஊர் பார்த்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் கடை திறப்பதற்கு முன் அக்கா போய்ச் சின்னக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு பூ வைத்துவிட்டு வந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன். அவருக்கு அது கருமாதிக் கல் என்பதில் வருத்தமே இல்லை. எனக்குத்தான் இருந்தது. என் கலை.

பிறகு முகூர்த்த நாள் வந்தது. பெண் வீட்டார் சீர்வரிசையோடு மண்டபத்து வாசலில் இறங்கி, எதிரே பார்த்து, அப்படியே நின்றுவிட்டார்கள். நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்தினாராம். அண்ணன் ஆள் அனுப்பி அவசரமாக ஒரு ஷாமியானாத் துணியைக் கற்களின் மேல் போர்த்தினார். அது இன்னும் மோசம். மூன்று பேர் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிட்டது.

அன்று மதியம் அவர் கடைக்கே வந்தார். "பாப்பா, நான் அப்பவே மூஞ்சி வெய்யின்னு சொன்னேன்."

"இது எங்க பட்டா நெலம்ணே."

"எதுத்தாப்புல என் மண்டபம். ரெண்டு புக்கிங் போயிடுச்சி. வேணும்னா பெயிண்ட் அடி. மஞ்ச, பச்சை, செவப்பு. மேல வருக வருகன்னு எழுது." அப்படியே தையல் கடைப் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். அவருக்கு ரகசியம் என்றால் மூன்று கடைக்குக் கேட்கும். "அந்தம்மா வேற தெனம் பூ வெக்கிதாம், அப்பான்னு சொல்லுதாம். அந்த நாட்டுச் சண்ட நமக்கெதுக்கு? நாளைக்கு எவனாவது வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?"

எனக்கு ரத்தம் கொதித்தது. நம் ஊர்ச் செத்தவர் என்றால் எந்தச் சாதி, அடுத்த ஊர்ச் செத்தவர் என்றால் எந்த நாடு. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனவருக்குப் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். இதை விடக் கூடாது. கலெக்டருக்கு மனு, ஒரு ரீல்ஸ், முடிந்தால் பத்திரிகை. "ஒரு கல்லக்கூட எடுக்க மாட்டோம்ணே" என்று எழுந்து நின்றேன். நைனா மெஷினை நிறுத்திவிட்டார். நான் அக்கா பக்கம் திரும்பினேன், அவர் கண்ணில் என் வீரம் தெரியும் என்று.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எடுக்கத்தான் வேணும், பிள்ளை."

"அக்கா?"

"நட்டால் எடுக்கோணும். எடுத்தால்தான் அவர் போவார். நாளையிண்டைக்குப் பதினாறாம் நாள். நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறன்." அண்ணனைப் பார்த்தார். "உங்கட கல்யாணத்துக்காக இல்லை. அதுக்கெண்டால் விட்டிருக்க மாட்டன்."

அண்ணனுக்கு ஜெயித்தோமா தோற்றோமா என்று புரியவில்லை. எனக்கும்தான். நான் கல்லை நிற்க வைப்பதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். யாருக்காகப் போடுகிறேன் என்று நினைத்தேனோ, அவர் அதைப் பிடுங்கும் நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார். நினைவுச்சின்னம் என்பது நிரந்தரமாக நிற்க வேண்டும் என்று நான் படித்த எல்லாவற்றிலும் இருந்தது. நிற்க வைத்தவர்கள் எல்லாம் செத்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று அக்கா கணக்கில் ஆகிறது.

"யாரு எடுப்பாங்க? ஆம்பளப் புள்ள இல்லியே" என்றார் அண்ணன். தோற்றவர் கடைசியாக எதையாவது பிடிப்பாரே, அதுபோல.

"நான்தான்" என்றார் அக்கா.

"மத்த ரெண்டு?"

பட்டினியில் செத்தவர்களுக்கு வாரிசுச் சான்று வாங்க நைனாவிடமும் மாதிரி இல்லை. மெஷினின் மூடியைச் சாத்திவிட்டு அவர் சொன்னார்: "எங்க மனையில நட்டது. நான் தூக்கறேன்."

பதினாறாம் நாள் காலையில் மேஸ்திரி டிராக்டரும் சங்கிலியுமாக வந்தார். நைனா நிஜமாகவே மொட்டை அடித்துக்கொண்டு வந்திருந்தார். அம்மா அதற்காக இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நானும் ஏரிக்குப் போனேன்; உளுந்து அரைக்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பெரிய கல்லையும் நடுக்கல்லையும் கரைச்சரிவில் உருட்டிவிட்டபோது தண்ணீர் எங்கள் முழங்கால்வரை தெறித்தது. நைனா கையெடுத்துக் கும்பிட்டு, "யாரு பெத்த புள்ளைங்களோ, போய்ட்டு வாங்க" என்றார். பிறகு, வாங்க என்று சொல்லக் கூடாதோ என்று மேஸ்திரியைக் கேட்டார். "போங்கன்னு சொல்லுண்ணே, போங்கன்னு" என்று மேஸ்திரி பதறினார். செத்து இத்தனை தலைமுறைக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த வழியனுப்பு இந்த அழகில் இருந்தது.

சின்னக் கல்லை இறக்கப் போனபோது அக்கா அதன்மேல் கை வைத்தார். ஏரியைப் பார்த்தார். பங்குனியில் இது வற்றிவிடும் என்பது அவருக்கும் தெரியும். வற்றினால் பையன்கள் நடுவில் கிரிக்கெட் ஆடுவார்கள்.

"இதுக்குள்ள வேண்டாம். அப்பாவைக் கடலில விடோணும்."

"கடலா?" மேஸ்திரி தலையில் கை வைத்தார். "எக்கா, ஏத்தறப்பவே சொல்லக் கூடாதா? நாலு பேரு தூக்கற கல்லுக்கா இது!"

"இங்க வந்துதான் தெரிஞ்சுது, தம்பி."

ஒரு வாரமாகக் கல் எங்கள் கடையின் பின்னால் சாக்கின்மேல் படுத்திருக்கிறது. நிற்க வைக்கக் கூடாது என்று அக்கா கண்டிப்பு. பக்கத்துக் கடல் மரக்காணம். முகாம் பதிவு இருப்பதால் கடற்கரைப் பக்கம் போவதென்றால் முகாம் அதிகாரியிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறார் அக்கா. நைனா மனு டைப் அடிக்க உட்கார்ந்து, 'பொருள்' என்று அடித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருந்தார். 'கல் எடுத்துச் செல்ல' என்றால் எதற்கு என்பார்கள். 'ஈமச்சடங்கு' என்றால் இறப்புச் சான்று எங்கே என்பார்கள். கடைசியில் 'பொருள்: தகப்பனாரைக் கடலில் விட அனுமதி வேண்டி' என்று அடித்து, இரண்டு பிரதி எடுத்து வைத்தார். நாளைக்குக் கொடுக்கிறோம்.

குட்டியானை வண்டி பேசியாகிவிட்டது. பிரச்சினை படகுதான். கல்லின் படத்தைப் போனில் பார்த்துவிட்டு மரக்காணம் குப்பத்துப் படகுக்காரர் ஒருவர், இதை ஏற்றினால் உங்கள் அப்பாவோடு நானும் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். மேஸ்திரியிடம் வேறு யோசனை இருக்கிறது: லாரி டயர் ட்யூப் இரண்டைக் கட்டி, கல்லை அதன்மேல் படுக்கவைத்து, அலைக்கு அப்பால் இழுத்துப் போய்க் கயிற்றை அறுத்துவிடுவது. மிதக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் அதே எடையில் ஓர் எல்லைக்கல்லை ட்யூபில் கட்டி, ஏரியில் இறக்கிப் பார்க்கப் போகிறோம். கயிற்றை நான் பிடிக்கிறேன். அறுக்கப் பழகிக்கொள்ள அக்காவும் வருகிறார்.